ஆயிரத்தையும் நீயே மடிக்காதே

கோபே
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள கதிர்,

நேற்று நீ அனுப்பிய செய்தியை அம்மாவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். கென்டாவின் அம்மாவிடமும் பேசிவிட்டேன். முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. வலது கால் விரல்களை லேசாக அசைக்கிறானாம். இனிமேல் பல மாதம் நடைப்பயிற்சிப் பிரிவில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சப்போரோவிலிருந்து உடனே கிளம்பி வர முடியவில்லையே என்று நீ தவிப்பது எனக்குத் தெரிகிறது. அவன் குணமாக வேண்டி, ஆயிரம் காகிதக் கொக்குகளை மடித்து நூலில் கோர்த்துக் கொடுக்கும் செம்பாசுரு செய்யப்போகிறேன், ஆயிரத்தையும் யார் உதவியும் இல்லாமல் நானே மடிக்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் சொல்ல வேண்டியதில் பாதி விட்டுப்போகும்.

செய், கண்ணா. கட்டாயம் செய். ஆனால் தனியாகச் செய்யாதே.

நேரக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பழகிய கைக்கும் ஒரு கொக்குக்கு மூன்று நிமிடம் ஆகும். ஆயிரத்துக்கு 50 மணி நேரம். இது மடிக்க மட்டும், கோர்ப்பது தனி. வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிற நீ தூக்கத்தைக் குறைத்துக்கொண்டுதான் இதைச் செய்வாய். செய்து முடித்தும் விடுவாய், உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. நண்பன் படுத்திருக்கும்போது அந்தப் பயத்தை எல்லாம் நீ ஒருவனே ராத்திரியில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருப்பாய். இந்த நாட்டில் இத்தனை வருடம் நான் பார்த்த செம்பாசுரு எதுவும் அப்படிச் செய்யப்பட்டதில்லை. வகுப்பு, தெரு, அலுவலகம், விளையாட்டுக் குழு என்று ஒரு கூட்டமே சேர்ந்து மடித்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

உனக்கே இது நன்றாகத் தெரியும். நீயும் கென்டாவும் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் குழுவில் இருந்தபோது, மாகாணத் தகுதிப் போட்டிக்கு முன்னால் உங்கள் குழுவின் மேனேஜர் பெண்கள் இருவரும் வகுப்பு வகுப்பாகக் காகிதம் கொடுத்து மடிக்க வைத்தார்கள். அம்மாகூட நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு கட்டு மடித்துக் கொடுத்தாள். மூன்றாவது சுற்றில் தோற்றீர்கள். மைதானத்திலேயே அந்தக் கொக்குக் கொத்தை எதிரணியிடம் கொடுத்து, எங்கள் பங்கையும் சேர்த்துக் கோஷியென் தேசியப் போட்டிக்குக் கொண்டு போங்கள் என்று நீங்கள் தலை வணங்கியதைக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். தோற்ற அணி தன் கொக்குகளை ஜெயித்த அணியிடம் ஒப்படைக்கும் வழக்கத்தைப் பற்றி அதற்கு முன் படித்திருக்கிறேன். நேரில் பார்த்தபோது தொண்டை அடைத்துவிட்டது. அந்த அணியும் அடுத்த சுற்றுகளில் தோற்றிருந்தால் இரண்டு பள்ளிகளின் கொக்குகளும் மூன்றாவது பள்ளிக்குப் போயிருக்கும். யார் மடித்தது என்றே தெரியாத கொக்குகளை யாரோ ஒரு பையன் சுமந்துகொண்டு போவான். கென்டாவுக்கும் அந்த நாள் மறந்திருக்காது.

சடாகோ கதையை நீ ஆறாம் வகுப்பில் ஹிரோஷிமா சுற்றுலாவுக்குப் போகும்போது கேட்டிருக்கிறாய். ஆனால் அந்த வயதில் மனதில் நிற்பது வேறு, இப்போது பார்க்க வேண்டியது வேறு. சசாகி சடாகோ 1943-இல் பிறந்தவள். 1945 ஆகஸ்ட் 6 அன்று அவளுக்கு இரண்டு வயது. அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 1.6 கிலோமீட்டரில் வீடு. அன்று பெரிய காயம் எதுவும் இல்லாமல் தப்பித்தாள். வளர்ந்து ஆறாம் வகுப்பில் தொடர் ஓட்டத்தில் தன் வகுப்புக்காக ஓடினாள். 1955 பிப்ரவரியில் ரத்தப் புற்றுநோய் என்று ஹிரோஷிமா செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்த ஆகஸ்டில் நகோயாவிலிருந்து நோயாளிகளுக்கு ஆறுதலாகக் காகிதக் கொக்குகள் வந்து சேர்ந்தன. அவற்றைப் பார்த்த பிறகுதான் அவள் மடிக்க ஆரம்பித்தாள். அதே அறையில் இருந்த கொஞ்சம் பெரிய பெண்ணும் அவளோடு சேர்ந்து மடித்தாள். நல்ல காகிதம் அப்போது கிடைக்கவில்லை. மருந்து சுற்றிவந்த தாள், பரிசுப் பொட்டலங்களின் மேலுறை என்று கிடைத்ததையெல்லாம் மடித்தாள். போகப் போகச் சின்னதாக்கி, ஊசி முனையால் மடிக்கிற அளவுக்குக் கொண்டுபோனாள். ஹிரோஷிமா அருங்காட்சியகத்தில் அந்தக் குட்டிக் கொக்குகளின் முன்னால் நீ நெடுநேரம் நின்றதாக உன் டீச்சர் சொன்னார்.

அவள் 644 மடித்ததும் இறந்துவிட்டாள், மீதியைத் தோழிகள் மடித்தார்கள் என்று ஓர் ஆங்கிலக் கதைப்புத்தகம் சொல்கிறது. உலகம் முழுக்க அதுதான் பரவியிருக்கிறது. உன் அலுவலகத்தில் இருக்கும் வெளிநாட்டு நண்பர்களும் அதைத்தான் சொல்வார்கள். உண்மையில் அவள் ஆயிரத்தைத் தாண்டினாள் என்று அவள் அண்ணனே சொல்லியிருக்கிறார். தாண்டிய பிறகும் மடித்துக்கொண்டே இருந்தாள். 1955 அக்டோபர் 25 அன்று, 12 வயதில், இறந்துபோனாள்.

கதிர், இந்த இடத்தை நீ தாண்டிப் போய்விடக் கூடாது என்று நினைக்கிறேன். ஆயிரம் முடித்தால் கேட்டது கிடைக்கும் என்று நேர்த்திக்கடன் போல எண்ணி நீ உட்கார்ந்தால், கென்டா நடக்கத் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் உன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாய். இன்னும் நன்றாக மடித்திருக்கலாமோ என்று தோன்றும். அவன் காலுக்கு டாக்டர்களும், பயிற்சியாளர்களும், அவன் உடம்பும்தான் பொறுப்பு. கொக்குகள் செய்யக்கூடியது வேறு. பகலில் பயிற்சியில் விழுந்து எழுந்து களைத்துப்போய்க் கட்டிலில் கிடக்கும்போது, ஜன்னல் ஓரத்தில் இத்தனை பேர் எனக்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பல பேர் உண்மையாகவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

சடாகோ இறந்த பிறகு நடந்ததையும் பார். அவளோடு படித்த பிள்ளைகள், இதுபோல இறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு நினைவுச்சின்னம் வேண்டும் என்று கிளம்பினார்கள். ஜப்பான் முழுவதிலும் 3,000-க்கும் அதிகமான பள்ளிகளிலிருந்து பணம் வந்தது. 1958 மே 5, குழந்தைகள் தினத்தன்று ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் அந்தச் சின்னம் திறக்கப்பட்டது. உச்சியில் ஒரு பெண் பொன்னிறக் கொக்கை மேலே தூக்கிப் பிடித்திருப்பாள். உள்ளே தொங்கும் மணியை நீங்கள் எல்லோரும் வரிசையில் நின்று அடித்தீர்களே, அது நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் யுகாவா ஹிதெகி கொடுத்த மணியின் நகல். இப்போதும் அங்கே வருடத்துக்குச் சுமார் 1 கோடி கொக்குகள் வருகின்றன. எடை 10 டன் அளவுக்கு இருக்குமாம். நகராட்சி அவற்றைக் குப்பையில் போடுவதில்லை. காகிதமாக மறுபடி அரைத்து, அட்டையாகவும் நோட்டுப் புத்தகமாகவும் ஆக்குகிறவர்களிடம் கொடுக்கிறது. உங்கள் வகுப்பு கொண்டுபோய் வைத்த கொத்தும் இந்நேரம் யாருடைய மேசையிலோ தபால் அட்டையாக இருக்கலாம்.

இவ்வளவு அன்போடு செய்வதுதான் என்றாலும், கேட்காமல் அனுப்பினால் பாரமாகிவிடும். 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு இதைப் பற்றி இங்கே நிறையப் பேச்சு எழுந்தது. படுக்கவே இடமில்லாத முகாம்களில் கொக்குப் பெட்டிகளை எங்கே வைப்பது, அன்போடு வந்ததை எப்படித் தூக்கிப் போடுவது என்று அங்கே இருந்தவர்கள் திண்டாடினார்கள். எனக்கு அவர்கள் சொன்னதே நியாயமாகப் பட்டது. தண்ணீரும் போர்வையும் தேவைப்படுகிற நேரத்தில் கொக்கு அனுப்புவது, அனுப்புகிறவர் மனதை மட்டும்தான் ஆற்றும். அதனால் நீ ஒரு தாளைக்கூட மடிக்கும் முன், அந்தப் பிரிவில் மாட்ட அனுமதி உண்டா, கட்டிலுக்கு எவ்வளவு பக்கத்தில் மாட்டலாம் என்று கேட்டாக வேண்டும். தூசி சேரும் என்பதால் சில பிரிவுகளில் அனுமதிப்பதில்லை. கென்டாவின் அம்மா செவ்வாய்க்கிழமை தலைமை நர்ஸிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அனுமதி இல்லை என்றால் அவன் வீட்டு அறையில் மாட்டி, படம் எடுத்து அவனுக்குக் காட்டலாம். கென்டாவுக்கே வேண்டாம் என்று தோன்றினால், அதோடு விட்டுவிட வேண்டும். மனம் வருந்தக் கூடாது.

சரி, எல்லாம் கூடி வந்தால் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

தாள் 7.5 சென்டிமீட்டர் சதுரம் வாங்கு. வழக்கமான 15 சென்டிமீட்டர் தாளில் ஆயிரம் செய்தால் கொத்து மிகப் பெரிதாகிவிடும், மருத்துவமனையில் மாட்ட இடம் இருக்காது. நூறு யென் கடையிலேயே இந்த அளவு கிடைக்கும். எல்லோரும் ஒரே அளவுத் தாளில் மடிக்க வேண்டும், அது முக்கியம். கோர்க்கும்போது ஒன்றன் முதுகு முனை அதற்கு மேலே உள்ளதன் வயிற்று ஓட்டைக்குள் போய் உட்கார வேண்டும். ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் நூல் கோணிக்கொண்டு நிற்கும்.

மடிக்க உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சின்னத் தாளில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அலகு முனையில் அது தெரியும். முதல் மூலைவிட்ட மடிப்பில் அவசரப்படாதே. மூலையும் மூலையும் சரியாகச் சேர்ந்த பிறகே நகத்தால் தேய். கழுத்தும் வாலும் ஆகப்போகிற இரண்டு கால் முனைகளையும் ஒடுக்கும்போது, நடுக்கோட்டைத் தொடாமல் மயிரிழை இடம் விடு. அந்த இடம் இருந்தால்தான் மேலே திருப்பி உள்ளே மடிக்கும்போது காகிதம் பிதுங்காது, கழுத்து மெல்லியதாக நிற்கும். வயிற்றை ஊதிப் பெருக்க வேண்டாம், இறக்கையை அகலமாக இழுக்கவும் வேண்டாம். கோர்க்கிற கொக்கு ஒடுங்கியிருந்தால்தான் அடுக்கு அழகாக வரும்.

தலை விஷயம் ஒன்று உண்டு. நோயாளிக்குக் கொடுக்கும்போது தலையைக் கீழே மடிப்பது நல்லதில்லை என்று சிலர் கழுத்தை நேராகவே விட்டுவிடுவார்கள். நம் பக்கத்து வீட்டுப் பாட்டி அப்படித்தான் செய்வார். கென்டா வீட்டில் அவன் பாட்டி இருக்கிறார், அவர் இதைப் பார்ப்பவராக இருக்கலாம். அதனால் நேராகவே விடச் சொல்லி எல்லோருக்கும் எழுதிவிடு. யார் மனதும் நோகாது.

ஒரு நூலுக்கு 40 கொக்கு, மொத்தம் 25 நூல். கீழே ஒரு சின்ன மணி கட்டி, நீண்ட ஊசியை வயிற்று ஓட்டையில் விட்டு முதுகு முனையில் எடுக்க வேண்டும். வானவில் வரிசையில் நிறங்களைப் பிரித்துக்கொள், ஒரு நூலுக்கு ஒரு நிறம். கோர்ப்பதை அம்மாவிடம் விட்டுவிடு. சின்ன வயதிலிருந்து மல்லிகைச் சரம் தொடுத்த கை அது. நூலை எவ்வளவு இழுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்த விரலுக்குத் தெரியும். இறுக்கினால் நசுங்கும், தளர்த்தினால் இடைவெளி விழும். எல்லா நூலையும் மேலே ஒரு வளையத்தில் சேர்த்துக் கட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கோணலாக வந்த கொக்கு எதையும் எடுத்துப் போடாதே. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். உங்கள் குழுவில் பந்து வீசிய அந்தப் பழைய பிட்சர் மடித்தால் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியும். கென்டா அதைப் பார்த்த உடனே இது அவன்தான் என்று கண்டுபிடிப்பான். அதில்தான் அவனுக்குச் சந்தோஷம். கடையில் வாங்கியதுபோல் ஆயிரமும் ஒரே அச்சில் இருந்தால், பார்த்துக்கொண்டு படுத்திருப்பவனுக்கு என்ன கிடைக்கும்?

பங்கு இப்படி வைத்திருக்கிறேன். உனக்கு ஐந்து நூல். எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து நான்கு, ஊதாவும் கருநீலமும். உங்கள் பழைய குழுவுக்குப் பத்து. ஒசாகாவிலும் ஓகாயாமாவிலும் இருப்பவர்களுக்குத் தாளை நீயே தபாலில் அனுப்பிவிடு, கையில் தாள் வந்தால்தான் மடிப்பார்கள். கென்டாவின் தங்கைக்கு ஒன்று. உங்கள் கோச்சுக்கு ஒன்று; வயதாகிவிட்டது, இருந்தாலும் கேட்காமல் விட்டால் வருத்தப்படுவார். மீதி நான்கு கென்டாவின் அலுவலகத்துக்கு. யாராவது முடியவில்லை என்றால் வற்புறுத்தாதே. அந்தப் பங்கை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

உன் மனதை வேறு பக்கம் திருப்ப ஒன்று சொல்லட்டுமா? நீ இருப்பது ஹொக்கைடோவில். கொக்கு ஆயிரம் வருடம் வாழும் என்பது இங்கே பழைய நம்பிக்கை. உச்சந்தலையில் சிவப்புத் திட்டு இருக்கிற அந்த நிஜக் கொக்கு காட்டில் முப்பது வருடம் வாழ்ந்தால் அதிகம். வேட்டையிலும், சதுப்பு நிலங்கள் அழிந்ததிலும் அது ஜப்பானில் அற்றுப்போய்விட்டது என்றே எண்ணினார்கள். 1924-இல் குஷிரோ சதுப்பு நிலத்தில் பத்துப் பதினைந்து பறவைகள் மிஞ்சியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் 1950-களின் தொடக்கத்தில், தண்ணீர் உறைந்து இரையே கிடைக்காத குளிர்காலத்தில், அந்த ஊர் விவசாயிகளும் பள்ளிப் பிள்ளைகளும் பனியில் மக்காச்சோளம் தூவி அவற்றைக் காப்பாற்றினார்கள். இன்று அவை ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. எனக்கு இது எந்தப் பழங்கதையையும் விட அருமையாகத் தெரிகிறது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ரயிலேறிக் குஷிரோ போய்ப் பார். பனியில் ஜோடியாக ஆடும் என்கிறார்கள். வீடியோ எடுத்துக் கென்டாவுக்கு அனுப்பு. ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அது பிடிக்கும்.

நானும் சும்மா இருக்கப்போவதில்லை. மியே மாகாணத்தில் குவானா என்று ஓர் ஊர். அந்த ஊர்க் கோயில் துறவி ஒருவர் கண்டுபிடித்த முறைகளை வைத்து 1797-இல் கியோத்தோவில் ஒரு மடிப்புப் புத்தகம் வெளியானது. ஒரே தாளில் அங்கங்கே கீறல் போட்டு, அலகும் இறக்கையும் ஒட்டியபடி பல கொக்குகளை மடிக்கும் 49 முறைகள் அதில் இருக்கின்றன. ஒன்றில் ஒரே தாளிலிருந்து 97 கொக்குகள் வரும். அதெல்லாம் எனக்கு எட்டாது. அலகோடு அலகு ஒட்டிய இரண்டு கொக்கு மட்டும் எனக்கு வரும். கையால் செய்த நல்ல ஜப்பானிய வாஷித் தாள் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் ஒரு ஜோடி மடித்து வளையத்தின் மேலே வைக்கலாம் என்று எண்ணம். உனக்குப் பிடிக்குமா, சொல்.

அவன் வீடு திரும்பிய பிறகு இந்தக் கொத்தை என்ன செய்வது என்று இப்போதே அவன் தங்கையிடம் சொல்லிவை. வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் கோயிலில் கொடுத்தால் மந்திரம் சொல்லி எரித்துவிடுவார்கள். எரிக்கிறோமே என்று யாரும் சங்கடப்பட வேண்டாம்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. மடிப்பதற்காகத் தூங்காமல் இருக்காதே. ஐந்து நூலும் ஒரு மாதத்தில் நிதானமாக முடியும். முடித்ததைக் கோர்க்காமல், நசுங்காதபடி அட்டைப் பெட்டியில் தட்டையாக அடுக்கி நம் வீட்டுக்கே அனுப்பு. மற்றவர்களையும் இங்கேயே அனுப்பச் சொல். எல்லாம் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு நாளாவது வந்து போக முடியுமா என்று அம்மா கேட்கிறாள். சேர்ந்து கட்டி, மூன்று பேருமாக எடுத்துக்கொண்டு போகலாம். முடியாவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: செவ்வாய் இரவு நர்ஸ் என்ன சொன்னார் என்று எழுதுகிறேன். அதுவரை தாள் வாங்க வேண்டாம். பழைய குழுவில் யார் யாருக்கு முகவரி மாறியிருக்கிறது என்று மட்டும் இப்போதே விசாரித்து வை.